வடிய விட்ட ஏலாவில் தானாக வரும் மரக்கன்று: சுற்றி நிற்கும் செடி எதை விடும், எதை விடாது? (உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே பேசுபவரின் புனைபெயர்)

வரப்போரம்

குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் ஒரு ஏலா, அதாவது பள்ளத்து வயல், 60 சென்ட். முன்பு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல். பிறகு வாழைக்காக நடுவே இரண்டரை அடி ஆழத்துக்குச் சால் (வடிகால்) வெட்டி, தண்ணீரைத் தோட்டில் (ஓடையில்) வடிய விட்டார்கள். இப்போது வாழையும் இல்லை, சும்மா கிடக்கிறது. மூன்று பக்கம் ரப்பர். நாலாவது பக்கம் தோடு. அதன் கரையில் பெரிய நாவல் இரண்டு, நீர்மருது ஒன்று. நடுப்பாகம் கறுத்த மண், மிதித்தால் பொதுக்கென்று உள்வாங்கும்.

தானாக முளைத்திருப்பவை: வட்டத்தாமரை (மக்கரங்கா மரம்) ஏராளம். அக்கேசியா ஓரளவு. ரப்பர்க் கன்று ஓரத்தில் மட்டும். நாவல் பத்துப் பதினைந்து, நீர்மருது நாலைந்து. இவற்றைச் சுற்றிக் கோரை, கம்யூனிஸ்ட் பச்சை (குரோமோலீனா களை), மேலே ரப்பர்த் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் மியூக்குனா கொடி.

கேட்க வந்தது இரண்டு. கன்றைச் சுற்றி நிற்பதை எல்லாம் வெட்டி வெளியாக்கினால் கன்றுக்கு நல்லதா, கெட்டதா? அடுத்தது, குளிர்நாடுகளில் வடிகால் வெட்டிய பீட் நிலத்தில் மரம் ஏறுவதைப் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறதே, அது நம்ம ஏலாவுக்குப் பொருந்துமா?

கரிமண்

முதலில் பீட் என்ற சொல்லையே பார்த்துவிடுவோம். நர்சரியில் விற்கும் கோகோபீட் தென்னைநார்க் கழிவு. பெயரில் மட்டும்தான் பீட். அசல் பீட், தண்ணீர் நின்று காற்றுப் புகாத இடத்தில் செடிகள் முழுசாக மட்காமல் ஆயிரக்கணக்கான வருடம் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. உலர் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் கரிமப்பொருள், ஆழம் குறைந்தது 30 செ.மீ. என்பது பரவலான கணக்கு. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். உலகத் தரைப்பரப்பில் இது 3 சதவீதம்தான்.

நம்ம ஏலா மண் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கிய வண்டலும் களியும். மேலே ஒரு சாண் கறுப்பைப் பார்த்துப் பீட் என்று முடிவு கட்ட வேண்டாம். சால் சுவரில் ஒரு அடிக்குக் கீழே கை நிறைய எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். வான் போஸ்ட் என்ற ஸ்வீடன்காரர் இதற்கு 1 முதல் 10 வரை ஒரு அளவு வைத்தார். 1 என்றால் தெளிந்த தண்ணீர் வடியும், நார் அப்படியே கையில் நிற்கும். 5 என்றால் தண்ணீர் நன்றாகக் கலங்கி வரும், கூடவே துளியூண்டு மண் விரலிடுக்கில் பிதுங்கும். 10 என்றால் பிடித்தது மொத்தமும் விரலிடுக்கு வழியாகப் போய்விடும். களியாக இருந்தால் இதெல்லாம் நடக்காது. பிசைந்து பென்சில் கனத்துக்குக் கயிறு திரிக்கலாம், காய்ந்தால் கல். பீட் காய்ந்தால் நெட்டி மாதிரி எடையற்றுப் போகும், திரும்ப நனைத்தாலும் சட்டென்று தண்ணீர் பிடிக்காது. எடையிலும் பெரிய வித்தியாசம்: பீட்டின் உலர் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.1 முதல் 0.2 கிராம், வயல் களி 1.2-க்கு மேல்.

நமக்குப் பக்கத்தில் இதற்கு உறவுக்காரன் என்றால் குட்டநாட்டுக் கரிநிலம். கறுத்த மண், உள்ளே பாதி மட்கிய மரக்கட்டை. அங்கே மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருப்பதால் வடிய விட்டுக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலம் உருவாகும்; பிஎச் 4-க்குக் கீழே சறுக்கிவிடும். உங்கள் நிலம் கடலோரத் தாழ்வில் இருந்தால் இதையும் பார்த்துவிடுவது நல்லது. அமில மண்ணில் அலுமினியமும் இரும்பும் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். அப்படிக் கருகிய கன்றைப் பார்த்து, களை அமுக்கிவிட்டது என்று சொன்னால் வைத்தியம் தப்பிப் போகும்.

அயனிக்காடு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மரமும் பாசியும் வேறு; வேலை ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் செடி கன்றுக்கு மூன்று விதத்தில் கைவைக்கிறது: விதை தருகிறது, குடை பிடிக்கிறது, சோற்றைப் பிடுங்குகிறது. ஒரே செடி மூன்றையும் செய்யும். எப்போது எது ஓங்கும் என்பதைத் தண்ணீர் மட்டம்தான் முடிவு செய்யும்.

பின்லாந்தில் சுமார் 50 லட்சம் எக்டர் பீட் நிலத்தில் காட்டுக்காக வாய்க்கால் வெட்டினார்கள். பெரும்பகுதி 1960, 70-களில். அங்கே ஈரமான ஸ்பேக்னம் பாசிமேல் பைன் விதை அருமையாக முளைக்கும், ஏனென்றால் ஈரம் வற்றுவதில்லை. ஆனால் முளைத்த கன்று முதல் வருடம் மூன்று நாலு செ.மீ. உயரம். பாசியோ வருடம் ஒன்றிரண்டு செ.மீ. ஏறிக்கொண்டே இருக்கும். கன்று அசந்தால் பாசி அதை விழுங்கிவிடும். முளைக்க உதவியதே பிறகு மூடுகிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் இறங்கியதும் ஸ்பேக்னம் சோர்ந்துபோகிறது. விழுங்க ஆள் இல்லை, கன்று தப்பிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் குத்துச்செடிகள் தழைக்கும், போட்டி வேறு முகத்தோடு வரும்.

பிரிட்டனில் ஹெதர் புதர் மண்டிய பீட்டில் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நட்டபோது கன்று மஞ்சளித்து அப்படியே நின்றுபோனது. ஹெதர் இருக்கும் இடத்தில் ஸ்ப்ரூஸ் வேருக்குத் தழைச்சத்து எட்டுவதில்லை. லாட்ஜ்போல் பைனையோ லார்ச்சையோ கலந்து நட்டார்கள்; அவை ஹெதரை நிழலால் அடக்க, ஸ்ப்ரூஸ் பச்சை பிடித்தது. பக்கத்துச் செடியால் வந்த வினையை இன்னொரு பக்கத்துச் செடியை வைத்தே தீர்த்தார்கள்.

வடிய விட்ட பீட்டில் மரம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் ஹோம் ஃபென். 1851-ல் அங்கே விட்டில்சி ஏரியை வற்றவிட்டபோது ஒரு இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்துக்கு இருக்கும்படி இறக்கினார்கள். பீட் சுருங்கியும் மட்கியும் இறங்கியதில் அந்தத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அதைச் சுற்றி இப்போது வெள்ளி பிர்ச் காடு.

சால்தண்ணி

அண்ணாச்சி, இதெல்லாம் பனிக்கட்டி ஊர் விஷயம். இங்க பைனும் இல்ல, பிர்ச்சும் இல்ல. நம்ம வெயிலுக்கு ஏத்தமாரி ஏதும் இருந்தா சொல்லுங்க. எங்கிட்ட கேட்டா மொத்தத்தையும் வெட்டோத்தியால அடிச்சி வெளியாக்கி, வேண்டிய மரத்த நட்டிட்டு போலாம். அதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?

அயனிக்காடு

வெயில் ஊர் உதாரணம் இருக்கிறது, தம்பி. இந்தோனேசியாவின் கலிமந்தானில் 1995-ல் நெல் விளைவிக்கப் போகிறோம் என்று சுமார் 10 லட்சம் எக்டர் பரப்பில் 4,000 கி.மீ.க்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் வரவில்லை, 1997 எல் நினோ வறட்சியில் காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. எரிந்த இடத்தில் காடு ஏன் திரும்பவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். திரும்பத் திரும்ப எரிந்த இடங்களைக் கொடிப் பெரணியும் கோரையும் பிடித்துக்கொண்டன. விதை தரும் காட்டு விளிம்பு தூரமாகிவிட்டது. பழம் தின்னும் பறவை வெட்டவெளியைத் தாண்டி வருவதில்லை. உட்காரக் கிளை இல்லை. வந்து விழுந்த விதையும் பெரணி மெத்தைக்குள் வெளிச்சமின்றி அழுகும். காற்றில் பறக்கும் விதையுள்ள ஒன்றிரண்டு முன்னோடி மரங்கள்தான் முதலில் ஏறின.

மொத்தமாக அடித்து வெளியாக்குவது பற்றி: குளிர்நாட்டில் வெறும் பீட்டில் பனி ஊசியாக உறைந்து கன்றை வேரோடு தூக்கி எறியும். அதனால் கனடாவில் பாலிட்ரைக்கம் பாசி மண்ணைப் பிடித்திருக்கும் இடத்தைத் தேடிக் கன்று வைக்கிறார்கள். நமக்குப் பனி இல்லை. மாசி, பங்குனி இருக்கிறது. கறுத்த வெற்று மண்ணின் மேல்தோல் உச்சி வெயிலில் 50 டிகிரியைத் தாண்டும். இரண்டு இலைக் கன்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சுட்டுக் கருத்து, அங்கேயே மடிந்து விழும். மேலே பார்த்தால் வாட்டம் மாதிரி இருக்கும், தண்ணீர் ஊற்றிப் பயனிராது. கோரையின் ஒரு சாண் நிழல் அதைத் தடுக்கிறது. ஐப்பசியில் அதே கோரை கன்றைச் சாய்த்து அமுக்கும். ஆகவே வெட்டலாமா என்பதைவிட எந்த மாதம் வெட்டலாம் என்று கேட்பது சரி.

நாற்றங்கால்

விதைப் பங்கைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்; இந்த ஏலாவின் வருங்காலம் பாதி அதில்தான் இருக்கிறது.

60 சென்ட் என்றால் ஏறத்தாழ 2,400 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கம் 49 மீட்டர். அதாவது நடுப்புள்ளிகூட விளிம்பிலிருந்து 25 மீட்டருக்குள். கலிமந்தான் போல விதை எட்டாத தூரம் இங்கே இல்லை. பிரச்சினை, விளிம்பில் யார் நிற்கிறார் என்பது.

ரப்பர்க்காய் ஆடி ஆவணியில் வெடித்துச் சிதறும். விதை பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் விழுந்துவிடும். சில வாரத்துக்குள் முளைக்காவிட்டால் உயிர் போய்விடும். தண்ணீர் நிற்கும் நடுப்பாகத்தில் தேறாது. அதனால்தான் ரப்பர்க் கன்று ஓரத்தோடு நிற்கிறது. அக்கேசியா அப்படியில்லை. கறுப்பு விதையில் ஆரஞ்சு நிற நாடா சுற்றியிருக்கும். அதற்காகவே பறவை கொத்திக் கொண்டுபோகும். விதைத்தோல் கெட்டி, மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும், தீப்பட்டால் கும்பலாக முளைக்கும். வட்டத்தாமரையும் பறவை விதைத்ததுதான். வெளிச்சம் கண்டால் போதும்.

நாவல் ஆனி ஆடியில் விழும். இரண்டு வாரம் உலர்ந்தால் விதை செத்தது. ஆனால் விழும் நேரம் சாரல் நேரம் என்பதால் தோட்டுக்கரையில் தப்பிக்கிறது. வவ்வாலும் மைனாவும் உள்ளே கொண்டுவந்து போடும். நீர்மருதுக் காய்க்கு ஐந்து சிறகு இருந்தாலும் கனம் அதிகம், காற்றில் வெகுதூரம் போகாது. தோட்டு வெள்ளம் ஏறும்போது மிதந்து வந்து வெள்ளக் கோட்டில் ஒதுங்கும். உங்கள் நாலைந்து கன்றும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றால் காரணம் அதுதான், போய்ப் பாருங்கள்.

புன்னை, அயனி இரண்டும் வேண்டுமானால் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய விதை, பக்கத்தில் தாய் இல்லை. புன்னைக்கொட்டையின் ஓட்டை முழுக்க எடுத்துவிட்டு ஊன்றினால் மூன்று வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் எட்டு வாரம்கூட ஆகும். ஓட்டைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம், பருப்பு நசுங்கும். இடுக்கியில் வைத்து மெல்ல இறுக்குங்கள்.

பறவை உட்கார மூங்கில் கழி நடலாம் என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். கழிக்கடியில் விதை கூடும், உண்மை. ஆனால் கீழே கோரை மெத்தையாக இருந்தால் கூடிய விதை அங்கேயே வீணாகும். கழி நடுகிறவர் அடியில் ஒரு மீட்டர் வட்டத்தை முதலில் சுரண்டிவிட வேண்டும். வட்டத்தாமரையே இயற்கையான கழிதான். அதனடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

வரப்போரம்

பார்த்தாச்சு. பிழிந்ததில் மேல் ஒரு அடி 7, 8 பக்கம். கீழே சுத்தக் களி, கயிறு திரிக்க வருகிறது. நீர்மருது நீங்கள் சொன்னது மாதிரியே ஒரே வரிசை. வட்டத்தாமரை அடியில் நாவல் ஆறு. மியூக்குனாவை என்ன செய்ய? நட்டவர்களே இறக்க முடியாமல் முழிக்கிறார்கள்.

கரிமண்

மேல் ஒரு அடி மட்கிய கறுப்பு, கீழே களி என்றால் பீட் நிலத்தின் குணம் மேல் அடுக்கில் மட்டும். கணக்கு இன்னும் சுலபம். ஆனால் அந்த ஒரு அடிதான் வடிந்த பிறகு காற்றுப் பட்டு மட்கித் தழைச்சத்தை விடுகிறது. அதைத் தின்று கொழுப்பது முதலில் கன்று அல்ல, கம்யூனிஸ்ட் பச்சை. பின்லாந்துப் பீட்டிலும் தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை. பாஸ்பரசும் பொட்டாசும்தான் குறை, அதைத்தான் உரமாகப் போட்டார்கள். இங்கேயும் யூரியா வைப்பது களைக்குச் சோறு போடுவது.

சால்தண்ணி

மியூக்குனாவப் பத்தி நான் சொல்றேன், இது ரப்பர்க்காரனுக்குத் தெரிஞ்ச சங்கதி. ரப்பர்ல இத மூடுபயிரா போடுறதே மத்த களைய அமுக்கத்தான். நல்ல மழையில ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல ஓடும். மாடு அவ்வளவா விரும்பாது. இன்னொரு மூடுபயிர் பியூரேரியாவாவது நிழல் வந்தா ஒடுங்கும். இது நிழலையும் தாங்கும். கன்று மேல ஏறிச்சுன்னா சுத்தி வளைச்சி நுனியக் கீழ இழுத்து வில்லு மாரி வளைச்சிடும். அதுக்குப் பொறவு கொடிய எடுத்தாலும் கன்று நிமிராது, வளைஞ்ச இடத்துல பக்கக்கிளை வெடிக்கும்.

எடுக்கிற விதம்: கன்றுல சுத்தினத பிடிச்சி இழுக்கப்பிடாது, பட்டை உரிஞ்சிடும். அடியில வெட்டி விட்டுட்டு ஒரு வாரம் காய விடணும், அப்புறம் உதறினா உதிரும். கொடி கணுவுக்குக் கணு வேரிறக்கும். கணுவோட வெட்டி ஏலாவுக்குள்ளயே போட்டா பத்து செடியாகும். வெட்டினத வெளிய கொண்டு வந்து வெயில்ல பரத்துங்க. ரப்பர் ஓரமா ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு வெட்டுப்பட்டை விட்டு, மழை மாசத்துல 15 நாளைக்கு ஒருக்க நடந்து பார்த்து இறங்கின நுனிய வெட்டிட்டே இருந்தாப் போதும். அந்தப் பட்டைய ஒரு மாசம் விட்டாலும் தொடக்கத்துக்கே வந்துரும், பாத்துக்கிடுங்க.

களைக்கொல்லி அடிக்கலாமான்னு அடுத்தவன் கேப்பான். கோரைய விட நாவல்கன்று உசரம் குறைவா இருக்கிற இடத்துல எப்படி அடிப்பீங்க? காத்துல ஒரு திவலை பட்டாலும் குருத்து சுருங்கும். அடிச்ச இடம் மொட்டையாகி, அடுத்த மழையில மேல இருக்கிற அந்த ஒரு அடி கறுப்புதான் தோட்டுக்குப் போகும்.

முன்னாடி மொத்தமா வெட்டச் சொன்னதும் நான்தான். அந்த நாவல் ஆறும் வட்டத்தாமரைக்கு அடியில இருக்கிறதக் கேட்டப்புறம் அத வாபஸ் வாங்கிக்கிடுறேன்.

அயனிக்காடு

ரப்பர் பற்றி ஒன்று விட்டுப்போனது. மார்கழி தையில் ரப்பர் இலை உதிர்க்கும், பிறகுதான் திரும்பத் தளிர்க்கும். மற்ற மாதமெல்லாம் ஓரத்துக் கன்றுக்கு நிழல் கொடுத்துவிட்டு, வறட்சி தொடங்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்கிவிடுகிறது. நிழலில் வளர்ந்த மெல்லிய இலை திடீர் வெயிலில் வெளுத்துச் சருகாகும். ஓரத்துக் கன்றைச் சுற்றியுள்ள கோரையை அந்த இரண்டு மூன்று மாதம் தொடவே கூடாது.

நாற்றங்கால்

அளந்து பார்க்காமல் இதில் எதுவும் உறுதியில்லை. ஏலாவுக்குள்ளேயே தண்ணீர் மட்டம் மாறும். இரண்டு கருவி போதும்.

முதல் கருவி தண்ணீர்க் குழாய். ஒன்றரை இஞ்ச் பிவிசி, 1.2 மீட்டர் நீளம், அடியில் மூடி. கீழ் 90 செ.மீ.யில் 5 செ.மீ.க்கு ஒரு துளை, 4 மி.மீ. பிட்டால். துளைப்பகுதியைக் கொசுவலையால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் களி புகுந்து ஒரே மழையில் அடைபடும். 20 செ.மீ. தரைக்கு மேல் நிற்கும்படி இறக்கி, மேல் 10 செ.மீ.யைச் சுற்றிக் களி வைத்து இடித்துவிடுங்கள். இல்லையென்றால் மேல்மழை நேராக உள்ளே இறங்கிப் பொய் மட்டம் காட்டும். அளக்க, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே உள்ளே விடுங்கள். குளுகுளு என்று கேட்கிற இடம்தான் தண்ணீர். விரலால் பிடித்து நீளம் அளந்து 20 கழியுங்கள். சாலிலிருந்து 1 மீட்டர், 5 மீட்டர், 12 மீட்டரில் மூன்று குழாய், ஓரத்தில் ஒன்று. 15 நாளைக்கு ஒருமுறை. களி மண்ணில் சாலின் இழுப்பு நாலைந்து மீட்டரோடு நின்றுவிடும். 12 மீட்டரில் மழைக்காலம் முழுக்கத் தரைமட்டத்தில் நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எண்களைப் படிக்கும் முறை: மரம் நன்றாக வளர 35 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மட்டம் இருந்தால் போதும் என்பது குளிர்நாட்டுப் பீட் காடுகளின் அனுபவம். அதற்குமேல் இறக்குவது வீண். இங்கே மழை மாதத்தில் தரையிலிருந்து 10 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே மட்டம் நிற்கும் இடத்தில் நாவலும் நீர்மருதும் தாங்கும். அயனி, ரப்பர் திணறும்.

இரண்டாவது, சதுரச் சட்டம். அரை இஞ்ச் பிவிசி ஒரு மீட்டர் நாலு, எல்போ நாலு. ரப்பர் ஓரத்திலிருந்தும் தோட்டுக்கரையிலிருந்தும் 1, 5, 10, 15, 25 மீட்டரில் வைத்து உள்ளே உள்ள கன்றை எண்ணுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் நாலு விஷயம்: எந்த மரம், உயரம், கன்றைச் சுற்றி ஒரு அடிக்குள் எந்தச் செடி எவ்வளவு மூடியிருக்கிறது, மேடா பள்ளமா. பழைய வாழைப் பாத்தியின் மேட்டையும் சாலில் இருந்து அள்ளிப்போட்ட மண்ணையும் தனியாகக் குறியுங்கள். வடிய விட்ட நிலத்தில் கன்று முதலில் பிடிப்பது அந்த மேடுகளில்தான். அதே மேடு மாசியில் முதலில் காய்வதும் உண்டு.

பொதுவாகத் தப்பு நடக்கும் இடம்: ஆடியில் எண்ணிவிட்டுச் சட்டத்துக்கு இருபது கன்று என்று குதிப்பது. ஆடியில் எண்ணுவது முளைப்பு, சித்திரையில் எண்ணுவதுதான் பிழைப்பு. இரண்டையும் எடுத்து, செத்தது எந்தச் செடிக்குப் பக்கத்தில் என்று ஒத்துப் பாருங்கள். கோரைக்குள் முளைப்பு குறைவு, பிழைப்பு கூடுதல் என்று வந்தால் கோரை குடை பிடிக்கிறது. முளைப்பு கூடி, மழைக்குப் பிறகு குறைந்தால் அமுக்குகிறது.

வரப்போரம்

அப்போ வெட்டும் காலத்தை மாதவாரியாகச் சொல்லிவிடுங்கள் அண்ணே. ஆள் கூலிக்கு ஏற்ற மாதிரி சொன்னால் உதவி.

நாற்றங்கால்

வைகாசி கடைசி, சாரல் பிடித்ததும் முதல் வட்டம். கன்றிலிருந்து அரை மீட்டர் ஆரத்துக்கு மட்டும். மண்வெட்டி வேண்டாம், அரிவாள் போதும். கோரையை வேரோடு கொத்தினால் கன்றின் மேல்வேரும் கூடப் போகும். வெட்டியதை அங்கேயே பரத்துங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. தண்டோடு ஒட்டிக் குவித்தால் மழையில் கழுத்தழுகல், வெயிலில் கரையான்.

ஆடி முதல் கார்த்திகை வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப. எவ்வளவு வெட்டுவது என்பதற்கு ஒரே விதி: கன்றுக்கு நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால் நுனிக்குருத்து தெரிய வேண்டும். பக்கவாட்டில் மூடியிருந்தால் பரவாயில்லை, அதுதான் வேண்டும். ஆள்கள் ஒரே சீராகத் தரையோடு வழித்துவிடுவார்கள், கன்றையும் சேர்த்து. அதனால் வெட்டுக்கு முதல் நாளே கன்றுக்குப் பக்கத்தில் ஆள் உயரக் கம்பு ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

மார்கழி தொடங்கிப் பங்குனி முடிய அரிவாளை உள்ளே வைத்துவிடுங்கள். மியூக்குனா ஏறினால் அதை மட்டும் அறுக்கலாம். காய்ந்த கம்யூனிஸ்ட் பச்சைதான் தீக்குத் தீனி. அதை மார்கழி முதல் வாரத்திலேயே, விதை பறக்கும் முன், ரப்பர் ஓரப் பட்டையில் வெட்டி அகற்றிவிட வேண்டும். மேல் ஒரு அடி கறுப்பு மண் காய்ந்திருக்கும்போது தீ விழுந்தால் தரைக்கடியில் புகையும். மேலே அணைந்தது போலக் காட்டி இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் கிளம்பும்.

வட்டத்தாமரையை மூன்று நாலு மீட்டருக்கு ஒன்றாகக் கலைத்து நிறுத்துங்கள். அடியில் உள்ள நாவல் ஆள் உயரம் வந்ததும் மேலே நிற்பதன் பாதிக் கிளையை ஒரு வருடம், மீதியை மறு வருடம் என்று கழியுங்கள். ஒரே நாளில் சாய்த்தால் நாவல் இலை வெயிலில் வெந்துபோகும். அக்கேசியா ஒரு அடி உயரத்துக்குள் இருக்கும்போது, மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கினால் வேரோடு வரும். முட்டி உயரம் தாண்டினால் ஆணிவேர் விடாது.

கரிமண்

ஒரு பெரிய முடிவு பாக்கி இருக்கிறது: வெட்டிய சால் வடிகாலை என்ன செய்வது? வடிகால் திறந்தே இருந்தால் மரம் கூடும். மரம் கூடினால் அதுவே தண்ணீரை உறிஞ்சி மேலும் காய வைக்கும். பிரிட்டனில் சதுப்பை மீட்கிறவர்கள் பிர்ச்சை வெட்டி எறிவது இதனால்தான். அதுவும் வெட்டிய அடிக்கட்டை தளிர்க்கும், முடிவற்ற வேலை. நீலகிரிச் சதுப்புகளில் வாட்டில் மரம் ஏறிய கதையும் இந்த ரகம்தான். அங்கே பல்லாயிரம் வருடத்துப் பீட் இருக்கிறது.

இந்த ஏலாவில் நோக்கம் ஈரத்தோப்பு என்றால் சால் வடிகாலைப் பாதி அடைப்பது என் யோசனை. முழு ஆழத்துக்கும் அல்ல. சால் வாயில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து ஒரு அடி கீழே நிற்கும்படி. தென்னந்தடி இரண்டைக் குறுக்கே போட்டு, இரு பக்கச் சுவரிலும் ஒன்றரை அடி உள்ளே செருகி, பின்னால் களியை அடுக்கடுக்காக மிதித்து இறுக்குங்கள். மேல் அடுக்குக் கறுப்பு மண்ணை வைத்து அடைக்காதீர்கள், கரைந்து ஓடும். சால் நெடுக 15 செ.மீ. இறக்கத்துக்கு ஒரு தடை. ஒரே பெரிய தடை வைத்தால் ஐப்பசி வெள்ளம் பக்கச் சுவரைக் குடைந்துகொண்டு சுற்றிப் போகும். தடையின் நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தாழ்வு விட்டால் வழிகிற தண்ணீர் அங்கே போகும். மேல் ரப்பர்க்காரரிடமும் கீழ் வயல்காரரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்களுடைய தண்ணீரும் இதில்தான் ஓடுகிறது.

சால்தண்ணி

அடைச்ச பொறவு ரப்பர் ஓரத்து வரிசையப் பாருங்க. அங்க மட்டம் ஏறி வேர் ஊறினா அவரு உங்களத் தேடி வருவாரு. ஓரக் குழாயில மட்டம் தரையில இருந்து ஒன்றரை அடி ஆழத்துக்குள்ள ஏறி வருதுன்னா ஒரு தடையத் தாழ்த்துங்க.

வரப்போரம்

நல்லது. குழாய் நாலு, சட்டம் ஒன்று இந்த வாரம் செய்கிறேன். கன்றுக்கு எண் போட என்ன கட்டலாம்? பிளாஸ்டிக் அட்டை போன வருடம் வெளுத்துப் படிக்க முடியாமல் ஆகிவிட்டது.

நாற்றங்கால்

குளிர்பான டின்னைக் கத்தரியால் கீற்றாக வெட்டி, பலகைமேல் வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதுங்கள். பள்ளமாகப் பதியும், அழியாது. கன்றின் தண்டில் கம்பியால் கட்ட வேண்டாம், இரண்டாம் வருடம் கம்பி பட்டைக்குள் புதையும். பக்கத்தில் ஊன்றிய கம்பில் கட்டுங்கள். கம்பு எப்போதும் கன்றுக்கு வடக்கே ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கோரை மூடினாலும் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.